நாற்பத்திரண்டு நொடிக்கு எட்டுக் கல்

இரும்புத் தகடு பொதிந்த பாதுகாப்புக் காலணியுடன் ஒருவர் தார்ச்சாலையில் ஓடினால் எழும் ஓசை, யாரோ பொறுமையாக ஒரு மரப்பெட்டியை ஆணியடித்து மூடுவது போல இருக்கும். ஒரகடத்தில் நான் நலவாழ்வு அலுவலராகப் பணியாற்றிய தொழிற்சாலையில், ஒரு பிற்பகல், முதல் ஷிப்டு முடிந்த சற்று நேரத்தில், அந்த ஓசை என் அறைச் சன்னலுக்கு வெளியே கேட்டது. எட்டிப் பார்த்தேன். மதில் சுவரை ஒட்டி ஆலையைச் சுற்றிவரும் உள்சாலையில் எங்கள் ஆலைத் தலைவரான அமெரிக்கர் வழக்கம்போல் அரைக்கால் சட்டையுடன் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு இருநூறு அடி பின்னால், நீல மேலங்கியைக்கூடக் கழற்றாமல், மூன்றாம் லைனின் லைன் லீடர் ஓடிக்கொண்டிருந்தார். முப்பது வயதைத் தாண்டிய, சற்றே அகன்ற தோள்கள் கொண்ட, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த பெண்மணி. வாயிற்காவலர் பென்னலூர்க்காரர், அவர் என் சன்னலருகே வந்து நின்று மெய்யான கவலையுடன் கேட்டார்: “இன்னா மேடம், தொரைய இந்தம்மா தொர்த்துதா, இல்ல இந்தம்மாவ வேற யார்னா தொர்த்தினு வர்றாங்களா?”

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகான ஆண்டுகள் அவை. கார்களுக்குள் ஓடும் மின்கம்பிகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தரும் ஆலை எங்களுடையது. லைனில், அதாவது உற்பத்தி வரிசையில், நின்றவர்கள் ஏறக்குறைய அனைவரும் பெண்கள். தென்மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியவர்கள் பாதி, சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்தவர்கள் மீதி. அமெரிக்கர் நாள்தோறும் ஓடுவதை அவர்கள் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்துச் சிரிப்பார்கள். லைன் லீடர் மட்டும் சிரிக்கவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்பு என் அறைக்கு வந்து, நாற்காலியில் உட்காராமலேயே கேட்டிருந்தார்: “அவரு எதுக்கு மேடம் ஓடுதாரு? வண்டியா இல்ல, வாகனமா இல்ல?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாததைப் புத்தகத்தில் தேடுவது என் சுபாவம். எங்கள் சிறிய நூலகத்திற்கு அந்த அமெரிக்கரே கொடுத்துவிட்டிருந்த புத்தகங்களில் ஒன்று, அவர் நாட்டு மக்கள் உடற்பயிற்சி செய்யப் பழகிய வரலாறு பற்றியது. யாரும் தொடாத அந்தத் தடித்த புத்தகத்தை நான் ஒரு மாதம் வைத்துப் படித்தேன். வியப்பாக இருந்தது. ஓட்டம் என்பது அமெரிக்கர்களுக்கு ஆதியிலிருந்தே வந்த பழக்கம் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி அல்ல. வளர்ந்த மனிதர் ஒருவர் காரணமின்றிச் சாலையில் ஓடினால் அங்கும் சிரித்திருக்கிறார்கள். காவலர்கள் நிறுத்தி விசாரித்ததும் உண்டாம். அதற்கும் முன்பு, பஞ்சாலைகளையும் எஃகு ஆலைகளையும் நடத்தியவர்கள் பக்கத்திலேயே மைதானங்களை அமைத்து, தொழிலாளர்களுக்கு ஆலையின் பெயர் பொறித்த சட்டை தந்து விளையாட வைத்திருக்கிறார்கள். உழைக்கும் உடம்பு கெட்டுவிடக் கூடாது என்ற அக்கறையும், ஓய்வு நேரத்தில் தொழிலாளர்கள் வேறெதுவும் யோசித்துவிடக் கூடாது என்ற கணக்கும் அதில் கலந்தே இருந்தன. பெண்கள் கதை தனி. நெடுந்தூரம் ஓடினால் கருப்பை பழுதாகிவிடும் என்று கற்றறிந்த மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நெடுந்தூரப் போட்டிகளில் பெண்கள் பெயர் கொடுக்கவே பல தலைமுறைகள் போராட வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் சாப்பாட்டு இடைவேளைகளில் லைன் லீடருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வேன். தட்டை மடியில் வைத்தபடி அசையாமல் கேட்பார். மருத்துவர்களைப் பற்றிச் சொன்ன அன்று தயிர்சாதத்தைப் பிசைந்த கை நின்றது. “பத்து மணி நேரம் நிக்கோம். அதுல பழுதாகாதது ஓடுனா பழுதாயிருமாக்கும்?” என்றார்.

அவர் ஓடத் தொடங்கிய இரண்டாம் வாரத்தில் இருவர் சேர்ந்தார்கள். இரண்டு மாதத்தில் பதினைந்து பேர் ஆனார்கள். சுடிதாரின் துப்பட்டாவைக் குறுக்கே கட்டி இடுப்பில் முடிந்துகொண்டு, ஷிப்டுப் பேருந்து புறப்படுவதற்கு முந்தைய இருபத்தைந்து நிமிடங்களில் உள்சாலையை இரண்டு முறை சுற்றுவார்கள். காலையில் விடுதியிலிருந்து வாகனம், உள்ளே லைன், மாலையில் மீண்டும் வாகனம், விடுதியில் எட்டுப் பேருக்கு ஓர் அறை. அந்தப் பெண்களின் நாளில் தம் விருப்பப்படி கால்களை எடுத்து வைக்கும் இடம் அந்தச் சாலை ஒன்றுதான் என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். ஓடி முடித்து வரும் முகங்களைப் பார்க்கும்போது உணர்ந்தேன்.

ஒரு நாள் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். பிள்ளைப்பாக்கத்துப் பெண், கூட்டத்தில் இளையவள். அமாவாசை விரதம் என்று காலையிலிருந்து எதுவும் உண்ணாமல் ஓடியிருக்கிறாள். தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆனால் மறுநாள் காலையில் அவள் தாய் வாயிலில் வந்து நின்றார். நிலத்தை விற்றுவிட்டு, எஞ்சிய அரை ஏக்கரில் கீரை போட்டு விற்கும், குரல் வளம் மிக்க அம்மாள். “வேலைக்கு அனுப்பிச்சா எம் பொண்ண ஓட வுட்டு வேடிக்க பாத்துகினு கீறீங்களா? நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா எவன் பதில் சொல்வான்?” என்று கேட்ட கேள்வி மனிதவள மேலாளரின் அறை வரை எட்டியது.

மேலாளர் கெட்டவர் அல்லர். இரு பெண்களுக்குத் தந்தை. பயந்துவிட்டார். பெண் ஊழியர்கள் உள்சாலையில் ஓடுவது அவர்களின் பாதுகாப்பைக் கருதி நிறுத்தப்படுகிறது என்று சுற்றறிக்கை ஒன்றை எழுதச் சொன்னார். ஆண்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நான் தயங்கினேன்.

“நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுலயும் டாக்டருங்க இதையேதான் சொல்லியிருக்காங்க சார்” என்றேன்.

“இது அமெரிக்கா இல்ல மேடம். ஒரகடம்.”

தட்டச்சு செய்தேன். நலவாழ்வு அலுவலர் என்ற என் பதவிக்கு மேலே என் கையெழுத்தையும் இட்டேன். வேலை என்றால் இப்படிச் சிலவும் இருக்கும் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிவிப்புப் பலகையில் அதைப் படித்த லைன் லீடர் நேரே என் அறைக்கு வந்தார். கோபப்படவில்லை. “உங்க கையெழுத்து அழகா இருக்கு மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சில வாரங்களில், தொழிற்பேட்டை ஆலைகளெல்லாம் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் நடத்துவதாக அறிவிப்பு வந்தது. ஆலைக்குப் பன்னிரண்டு பேர். தனித்தனியாக யார் முந்தினார்கள் என்பது அங்கே பொருட்டில்லை. ஆலையின் கடைசி ஆள் எல்லையைத் தொடும் நேரமே அந்த ஆலையின் நேரம். எழுபத்தைந்து நிமிடத்துக்குள் பன்னிருவரும் வந்தால்தான் ஓடி முடித்ததாகக் கணக்கு. விதிகளில் ஆண் என்றும் இல்லை, பெண் என்றும் இல்லை. எங்கள் ஆலையின் ஆண்கள் கிரிக்கெட் என்றால் வருவோம் என்றார்கள். லைன் லீடர் பன்னிரண்டு பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு, மனிதவள மேலாளரின் முன்னால் போய் நின்றார். பன்னிரண்டாவது பெயர் பிள்ளைப்பாக்கத்துப் பெண்ணுடையது.

மேலாளர் தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “பாதி வழியில ரெண்டு பொண்ணுங்க உக்காந்துட்டா ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு வர்றது யாரு மேடம்? அதுவும் மயங்கி விழுந்த பொண்ணையே சேத்திருக்காங்க!”

“உக்கார மாட்டோம் சார்” என்றார் லைன் லீடர். “பன்னெண்டு பேரும் நேரத்துக்குள்ள வருவோம். வந்துட்டா அந்த ரோட்ட எங்களுக்குத் தொறந்து விடுவியளா?”

“வந்துட்டா விடறேன். ஒருத்தி உக்காந்தாலும் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

“சரி சார்” என்றார் லைன் லீடர்.

பயிற்சிக்குச் சாலை இல்லை. ஆனால் விடுதிக்குப் பின்னால் விற்காமல் கிடந்த மனைப்பிரிவு ஒன்று இருந்தது. அலங்கார வளைவு கட்டி, ஒரு நகரின் பெயரும் எழுதி, தார்ச்சாலை போட்டு, நாற்பதடிக்கு ஒரு மஞ்சள் கல் நட்டிருந்தார்கள். வீடு என்று ஒன்றுகூட எழவில்லை. விடியற்காலையில் ஆடுகளும் இவர்களும் மட்டும் அங்கே நடமாடுவார்கள். மூன்று நாட்கள் நானும் போய்ப் பார்த்தேன். அங்கேதான் எனக்கு அவர்களின் முறை புரிந்தது.

எங்கள் லைனில் கம்பிக்கொத்தைக் கட்டும் பலகைகள் வரிசையாக நகர்ந்து வரும்; ஒவ்வொன்றும் ஒருத்தியின் முன்னால் நாற்பத்திரண்டு நொடிகள் நிற்கும். அதற்குள் அவள் தன் பங்குக் கம்பிகளைச் செருகிக் கட்டிவிட வேண்டும். இதை ஆலையில் டேக்ட் என்பார்கள். கம்பிகளில் கீறல் விழும் என்பதால் கடிகாரம், வளையல், மோதிரம் எதுவும் உள்ளே போகாது. ஆகவே அந்த நாற்பத்திரண்டு நொடிகள் மணிக்கட்டில் இருந்து உடம்புக்குள் போய்விட்டன. இரண்டு ஆண்டுகள் நின்றவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு டேக்ட் எப்போது முடிகிறது என்பதைச் சொல்லிவிடுவாள். லைன் லீடர் அதையே ஓட்டத்துக்கு அளவாக எடுத்துக்கொண்டார். ஒரு டேக்டுக்கு எட்டு மஞ்சள் கல். ஒன்பதும் கூடாது, ஏழும் கூடாது. “வேகமா ஓடணும்னு யாரும் நெனைக்காதீங்கட்டி. பலகை வருது, நாம வேலையப் பாக்கோம், பலகை போகுது. அவ்ளோதான்” என்பார். பன்னிருவரும் ஒரே வரிசையாக, ஒரே சீராக, மூச்சு வாங்காமல் ஓடினார்கள். தாளில் போட்டுப் பார்த்தேன். அந்தச் சீரில் ஓடினால் பத்துக் கிலோமீட்டருக்கு எழுபத்திரண்டு நிமிடங்கள் ஆகும். மூன்று நிமிடங்கள் கையிருப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பனி விலகாத காலையில், ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் வாங்கிய வெள்ளைக் கேன்வாஸ் காலணிகளுடன் பன்னிருவரும் கோட்டில் நின்றார்கள். அமெரிக்கர் தம் சக அதிகாரிகளோடு, போட்டிக் கணக்கில் சேராமல், முன்வரிசையில் நின்றார். மனிதவள மேலாளர் ஒரு காரில் பின்தொடர்ந்தார்; முன் இருக்கையில் ஓட்டுநருக்குப் பக்கத்தில், முதலுதவிப் பெட்டியுடன் நான். துப்பாக்கிச் சத்தத்துக்கு மற்ற ஆலைகளின் இளைஞர்கள் பாய்ந்து ஓடினார்கள். எங்கள் பெண்கள் லைனில் பலகை நகர்வது போல நகர்ந்தார்கள். “இது என்ன மேடம், கல்யாண ஊர்வலம் மாதிரி” என்றார் மேலாளர். ஆனால் நான்காவது கிலோமீட்டரில், பாய்ந்தவர்களில் பலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஊர்வலம் அவர்களைக் கடந்து போயிற்று.  மேலாளர் இருக்கையில் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஏழாவது கிலோமீட்டரில் பிள்ளைப்பாக்கம் திருப்பம். சாலையோரக் கூட்டத்தில் அந்தத் தாய் நின்றிருந்தார். ஆலை வாயிலில் வந்து சண்டையிட்ட அதே அம்மாள், இடுப்பில் கைவைத்து, மகளின் கால்களையே பார்த்தபடி. மகள் கடைசிக்கு முந்தியவளாக ஓடி வந்தாள். அம்மாவைக் கண்டாள். தான் நன்றாக இருப்பதைக் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வலக்கையை உயரத் தூக்கினாள்.

எங்கள் லைனில் வலக்கையைத் தூக்குவதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. கோளாறு, லைனை நிறுத்து. பக்கத்தில் நிற்பவள் கையைப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும், அவளைப் பார்த்து அடுத்தவளும். பயிற்சியின் முதல் வாரத்திலிருந்து எலும்பில் ஏற்றப்பட்ட பழக்கம் அது.

பின்னால் வந்தவள் கையைக் கண்டு நிற்க, காலடித் தாளம் அறுந்ததைக் கேட்டு முன்னால் போனவர்களும் நிற்க, பன்னிருவரும் நின்றுவிட்டார்கள். நடுச்சாலையில், பந்தயத்தின் நடுவில், சுவிட்சை அணைத்தது போல. பின்னால் வந்த வேறொரு ஆலையின் இளைஞர்கள் இவர்கள்மேல் மோதித் தடுமாறினார்கள். முன்னால் ஓடிய லைன் லீடரோ, கோளாறு எங்கே என்று பார்க்கும் அதே நடையில், வரிசையோரமாகத் திரும்பி நடந்து வந்தார். “என்னட்டி ஆச்சு?”

“ஒண்ணுமில்லக்கா” என்றாள் பிள்ளைப்பாக்கத்துப் பெண், தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல். “எங்கம்மா…”

நின்ற கால்கள் இறுகிவிட்டன. ஒருத்திக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, அவள் முகம் சுளித்துக் குனிந்து, உட்காரப் போனாள். காருக்குள் மேலாளரின் கை கதவின் பிடிக்குப் போயிற்று. ஒருத்தி உட்கார்ந்தாலும் சாலை போயிற்று என்பது அவருக்கும் எனக்கும் தெரியும். அங்கே நின்ற பன்னிருவருக்கும் தெரியும். இரண்டு பேர் அவளை இரு அக்குளிலும் தாங்கி நிற்க வைத்தார்கள். லைன் லீடர் மண்டியிட்டு அந்தக் காலை நீவிவிட்டார். அப்படியே மூன்று நிமிடங்கள் கரைந்தன. அதற்கு முன்பே, தொடக்கத்து நெரிசலில் இரண்டு நிமிடங்கள் போயிருந்தன. கையிருப்பு தீர்ந்துவிட்டது.

அப்போதுதான் அந்தத் தாயின் குரல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது. “இன்னாடி நின்னுகினு கீறீங்க? இம்மாந்தூரம் வந்துட்டு நின்னா இன்னா அர்த்தம்? ஓடுங்கடி! ஏய், உன்னத்தாண்டி, கைய கீழ வுட்டுட்டு ஓடு!”

லைன் லீடர் எழுந்தார். ஆலையில் ஒரு நிறுத்தத்துக்குப் பிறகு, இழந்த எண்ணிக்கையை மீட்க டேக்டைக் குறைப்பது வழக்கம். லீடர் அந்த எண்ணைக் கூவிச் சொல்வார். அவர் கூவினார்: “ரிக்கவரி! முப்பத்தெட்டு!”

அதன் பிறகு நடந்ததை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கும். யாரும் யாருக்கும் எதுவும் விளக்கவில்லை. பன்னிரண்டு உடல்கள் நாற்பத்திரண்டிலிருந்து முப்பத்தெட்டுக்கு ஒரே அடியில் மாறின. அதே வரிசை, அதே இடைவெளி. கால்கள் மட்டும் வேறு. கேன்வாஸ் காலணிகள் இருபத்துநான்கும் ஒரே தாளத்தில் சாலையைத் தட்டின. எட்டாவது கிலோமீட்டர், ஒன்பதாவது. மேலாளர் கார்க் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, “கமான்ம்மா! கமான்!” என்று கத்திக்கொண்டிருந்தார். தாம் எந்தப் பக்கம் நின்று பேசியவர் என்பதை அவர் மறந்து போனதில் எனக்கு மகிழ்ச்சியே. எல்லைக்கோட்டின் மேல் இருந்த பெரிய கடிகாரம் எழுபத்துநான்கு நிமிடங்களைக் காட்டி நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, முதலில் பதினொரு பேரை உள்ளே தள்ளிவிட்டு, கடைசி ஆளாக லைன் லீடர் கோட்டைத் தொட்டார். எஞ்சியிருந்தவை பதினான்கு நொடிகள். யாரும் உட்காரவில்லை. அழுதவர்களும் நின்றபடியேதான் அழுதார்கள்.

முன்பே ஓடி முடித்திருந்த அமெரிக்கர் எங்களிடம் வந்தார். கடிகாரம் இல்லாமல் இவ்வளவு சீராக எப்படி ஓட முடிந்தது என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். லைன் லீடர் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நாப்பத்திரண்டு அவிய வச்சதுதான மேடம். அவியள்ட்டயே சொல்லுங்க.” அதையும் மொழிபெயர்த்தேன். அமெரிக்கர் தலை தாழ்த்தி லைன் லீடரின் கையைக் குலுக்கினார். நான் படித்த புத்தகத்தில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்று, அந்த நாட்டு ஆலைகளில் தொழிலாளியின் தோளுக்குப் பின்னால் நின்று அவர் கையசைவுகளை நொடி நொடியாக அளந்த கடிகாரம். மற்றொன்று, மைதானத்தில் ஓடுபவரின் வெற்றியை அளந்த கடிகாரம். இரண்டையும் எழுதியவருக்கு அவை இரண்டும் ஒன்றாகலாம் என்று தோன்றவில்லை. முதல் கடிகாரத்தைத் தன் உடம்பிலிருந்து எடுத்து இரண்டாவதாக மாற்றிக்கொண்டவரை நான் பிள்ளைப்பாக்கம் திருப்பத்தில் பார்த்தேன்.

இன்று அந்த லைனில் பாதிக்கு மேல் இயந்திரக் கைகள் வேலை செய்கின்றன என்கிறார்கள். மஞ்சள் கற்கள் நட்ட மனைப்பிரிவில் வீடுகள் எழுந்துவிட்டன. லைன் லீடர் தம் ஊருக்குத் திரும்பி, பீடி சுற்றும் பெண்கள் இருபது பேரைக் காலையில் குளக்கரையில் ஓட வைக்கிறார். அவ்வப்போது தொலைபேசியில் பேசுவார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்கிறேன், வாரத்தில் இரண்டு நாள் ஓடுகிறேன். அறுபதைத் தாண்டிய ஒருத்தி ஓடுவதைப் பார்த்து எங்கள் தெருவில் இப்போது யாரும் சிரிப்பதில்லை. என் ஓட்டம் தொடங்கியது அந்தப் பந்தயத்துக்கு மறுநாள்.

திங்கட்கிழமை காலை மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். புதிய சுற்றறிக்கை தயாராக இருந்தது: உள்சாலையை அனைத்து ஊழியர்களும் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் பயன்படுத்தலாம். லைன் லீடர் அதை இருமுறை படித்தார். “அனைத்து ஊழியர்களும்னு வேண்டாம் சார். பெண்களும்னு எழுதுங்க. பொதுவாப் போட்டா நாளைக்கு வாறவிய எங்களக் கணக்குல சேக்க மாட்டாவ.” மேலாளர் சிரித்துவிட்டார். தாளை என்னிடம் நீட்டினார். நான் திருத்தித் தட்டச்சு செய்தேன். இம்முறை கையெழுத்திடும்போது பேனா சற்றே அழுந்தியது.

அன்று பிற்பகல் ஷிப்டு முடிந்ததும் உள்சாலையில் அறுபது பேருக்கு மேல் நின்றார்கள். முன்பு ஓடிய பதினைந்து பேர், இதுவரை சன்னல் கண்ணாடிக்கு உள்ளிருந்து சிரித்தவர்கள், சமையற்கூடத்துப் பெண்கள் மூவர். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லைன் லீடர் கூட்டத்திலிருந்து விலகி என்னிடம் வந்தார். என் பருத்திப் புடவையையும் செருப்பையும் மேலும் கீழும் பார்த்தார்.

“வாங்க மேடம்.”

“எனக்கு நாப்பத்தெட்டு வயசு ஆகுதும்மா.”

“ஒங்களுக்கு நாப்பத்திரண்டு வேண்டாம். ஒரு டேக்டு அறுபது நொடின்னு வச்சிக்கிடுவோம்.”

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். செருப்பைப் படியோரம் விட்டேன். அறுபது நொடிக்கு எட்டுக் கல் தூரம் என்ற கணக்கில், என் கையெழுத்தால் ஒருமுறை மூடப்பட்ட அந்தச் சாலையை, வெறுங்காலோடு முழுதாக ஒரு சுற்று ஓடி வந்தேன்.